இரண்டாவது பை

மாசிலாமணிக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கம் கிடையாது. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் இருபத்தைந்து வருஷமாக மூட்டை தூக்குகிறார். கூலி உயர்வு பேசப் போகும்போதுகூட மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு, துண்டை முறுக்கிக்கொண்டு கடைசி ஆளாக நிற்பார். அப்படிப்பட்டவர் அந்த ஐப்பசி மழையில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகள்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஆட்களுக்கு நடுவே போய் நின்றார். வாய் வரவில்லை. தானும் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் கட்டினார். அது முடிந்ததும் அடுத்த அம்பாரத்துக்குப் போய் அதையும் கட்டினார். நனைந்த மல்லாட்டையிலிருந்து புழுங்கிய மண் வாடை வந்துகொண்டிருந்தது. கூட மூட்டை தூக்குகிற துரைக்கண்ணுதான் கவனித்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"இன்னாண்ணா, ஆஸ்பத்திரியில இருக்காம இங்க வந்து தார்ப்பா இழுத்துக்கினு இருக்கற. சங்கவிக்கு எப்டி இருக்குது?"

"ரத்தம் வேணுமாம்டா," என்றார் மாசிலாமணி. கொஞ்சம் நிறுத்தி, "ரத்தங்கூட இல்ல. அதுக்குள்ள இருந்து எடுக்கற ஒண்ணு," என்றார்.

அதை எப்படி விளக்குவதென்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் சொன்னபோது புரிந்த மாதிரிதான் இருந்தது. மகள் சங்கவிக்குக் காலிலும் கையிலும் அடிபடாமலே நீலநீலமாகக் கன்றிப் போக ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. காலேஜுக்குப் போகிற பஸ்ஸில் இடிபட்டிருப்பாள் என்று அவர் மனைவி வேணி தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். ஒருநாள் காலையில் இட்லியைக் கடித்தவளின் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. அது மறுநாளும் நிற்கவில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி விட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற ஊற்று வற்றிப் போயிருக்கிறது என்றார்கள். புற்று இல்லை, அதனால் நம்பிக்கை இருக்கிறது. மாத்திரை கொடுத்திருக்கிறோம், அது வேலை செய்ய இரண்டு மூன்று மாதமாகும். அதுவரைக்கும் வெளியிலிருந்து ஏற்றித்தான் பிழைக்க வைக்க வேண்டும் என்றார்கள். சிவப்பு ரத்தம் ஏற்றினார்கள். அது போதாது, பிளேட்லெட் வேண்டும், ரத்தத்தை உறைய வைக்கிற பொருள் அதுதான், அது இல்லையென்றால் மூளைக்குள்ளேயே கசிந்துவிடும் என்றார் டாக்டரம்மா. மழைக்காலம், ஊரெல்லாம் டெங்கு. பத்துப் பேர் கேட்கிற இடத்தில் ஒரு பைதான் இருந்தது. ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் மிஷினில் எடுத்துத் தருகிறோம் என்றார்கள்.

மாசிலாமணி அங்கேயே சட்டைக் கையை மடித்துவிட்டார். அவருடையது ஏ குரூப். பெண்ணுக்கு பி பாசிட்டிவ், அம்மாவைப் போல. வேணியை உட்கார வைத்து விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், "உங்களுக்கே ஏத்தணும் போலிருக்கேம்மா," என்று அனுப்பிவிட்டாள்.

இதையெல்லாம் தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்தபடியே மாசிலாமணி துண்டு துண்டாகச் சொல்லி முடித்தார். துரைக்கண்ணு மற்றவர்களைக் கூப்பிட்டான். போன வருஷம் ரத்ததான முகாமில் குரூப் எழுதிக் கொடுத்த சீட்டு சிலரிடம் இருந்தது. பி பாசிட்டிவ் என்று நாலு பேர் தேறினார்கள். குட்டியானை லோடு வண்டி வைத்திருக்கிற ஒருவன் டீசல் மட்டும் போட்டால் போதும் என்றான். வண்டி கிளம்பும்போது அந்தோணிசாமியும் பின்னால் ஏறிக்கொண்டான். அவனுக்கு என்ன குரூப் என்று அவனுக்கே தெரியாது. சங்கவியைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் வந்தான்.

அந்தோணிசாமி மூட்டை தூக்குகிறவன் இல்லை. எடை போட்ட மூட்டைக்கு வாய் தைக்கிறவன். கோணி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சாக்குக்குச் சாக்கு நகர்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே நாளைக் கழிப்பான். தொந்தியும் தொளதொளத்த கையுமாக இருப்பான். உக்காந்து சாப்பிடறவன் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொள்வான்.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை மழை விடவில்லை. ஐந்து பேரும் ஒரே பாலித்தீன் தாளுக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு போனார்கள். மாசிலாமணி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்குப் பசித்தது. பின்னால் நாலு மலை மாதிரி ஆட்கள். எண்பது கிலோ நெல் மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு பலகை மேல் ஏறி லாரியில் அடுக்குகிறவர்கள். இவர்கள் உடம்பில் இல்லாததா என்று நினைத்துக்கொண்டார்.

ரத்த வங்கியில் சீனுவாசன் என்று ஒரு டெக்னீஷியன் இருந்தார். வழுக்கைத் தலை, மெல்லிய குரல். ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார், கையைத் தடவிப் பார்த்தார், ஒரு டியூப் ரத்தம் எடுத்து உள்ளே அனுப்பினார்.

துரைக்கண்ணுவிடம் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். வியாதிக்கு ஒன்றும் இல்லை, உடம்பு வலிக்குத்தான், தினம் சாயங்காலம் மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்வது என்று அவன் சொன்னான். சட்டைப் பையிலிருந்து பாதி தீர்ந்த அட்டையையும் எடுத்துக் காட்டினான். சீனுவாசன் அதைத் திருப்பிப் படித்துவிட்டு, இந்த மாத்திரை பிளேட்லெட்டை வேலை செய்ய விடாது, இதைப் போட்டவரிடம் எடுத்து ஏற்றினாலும் அந்தப் பெண்ணுக்கு ரத்தம் நிற்காது, மூன்று நாள் போடாமல் இருந்துவிட்டு வாருங்கள் என்றார்.

"போடலன்னா மறுநாளு கை தூக்க வராது சார்," என்றான் துரைக்கண்ணு. எதிர்த்துப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னான்.

இரண்டாமவனும் அதே மாத்திரைதான். மூன்றாமவனிடம் முந்தின நாள் குடித்த வாடை இன்னும் போகவில்லை. நாலாமவன் சவுரிராயனுக்குப் போன தை மாதம் மஞ்சள் காமாலை வந்து போயிருந்தது. சீனுவாசன் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். நாலு பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, தங்கள் கைகளைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ திருடிவிட்டுப் பிடிபட்டவர்கள் மாதிரி இருந்தது. மாசிலாமணிக்கு அவர்களைப் பார்க்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சீனுவாசன் வாசலைப் பார்த்தார். அங்கே அந்தோணிசாமி டீக்கிளாஸுடன் நின்றிருந்தான். அவரையும் பார்க்கலாமே என்றார்.

அந்தோணிசாமி கிளாஸைக் கீழே வைக்கவில்லை. அவனுக்கு ஆஸ்பத்திரி ஊசி என்றால் சின்ன வயசிலிருந்தே ஆகாது. தடுப்பூசி போட வந்தபோது ஏரிக்கரைவரை ஓடினவன். மாசிலாமணி அவனைப் பார்த்தார். வாடா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வரவில்லை.

"வலிக்குமாண்ணா?" என்றான் அந்தோணிசாமி.

"எனுக்குத் தெரியலடா."

அவன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு உள்ளே போனான்.

அவனுக்கு பி பாசிட்டிவ். குடி இல்லை, மாத்திரை இல்லை, காமாலை இல்லை. பிளேட்லெட் கவுண்ட் மூன்று லட்சத்தைத் தாண்டி இருந்தது. மற்ற சோதனைகளும் முடிந்து அவனைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைக்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது. துரைக்கண்ணு ஓடிப்போய் இட்லி வாங்கி வந்து ஊட்டிவிட்டான். உக்காந்து சாப்பிடறவன் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

மாசிலாமணி கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். ஊசி ஏறும்போது அந்தோணிசாமி கண்ணை இறுக மூடி, உதடு அசைய ஜெபம் சொன்னான். குழாய் வழியே ரத்தம் மிஷினுக்குள் போய்ச் சுற்றியது. சிவப்பு ஒரு பக்கம் ஒதுங்க, நெய் உருகின மாதிரி மஞ்சளாக ஒன்று தனியாகப் பிரிந்து மேலே தொங்கிய பைக்குள் சொட்ட ஆரம்பித்தது. மிச்ச ரத்தம் அதே கைக்குத் திரும்பி வந்தது. எடுப்பதும் கொடுப்பதுமாக மாறி மாறி நடந்தது. இவ்வளவுதானா அது என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. பொரித்த எண்ணெய் மாதிரி இருக்கிற இதற்காகத்தானா இந்தப் பாடு. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. பை உப்ப உப்ப அவருக்கு மூச்சு லேசானது.

சீனுவாசன் வெளியே வந்து, இவருக்கு நல்ல கவுண்ட், இரண்டு பை எடுக்க முடிகிறது என்றார். ஒன்றை இன்றைக்கு ஏற்றலாம். இன்னொன்று நாளை மறுநாளைக்கு. ஐந்து நாள்தான் தாங்கும், அதற்குமேல் கெட்டுவிடும். பிரிட்ஜில் வைக்கக் கூடாது, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுகள் இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருந்ததைக் காட்டினார். தட்டுகள் காலியாகத்தான் அசைந்தன.

இரண்டு பை என்றால் நாலைந்து நாள். நாலைந்து நாள் யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை. மாசிலாமணி பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்து நின்றாள். காலையிலிருந்தே கவுண்டர் பக்கத்தில் சுவரோரம் நின்றவள். மாசிலாமணிக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. ஓமந்தூர்ப் பக்கத்துக்காரி. வருஷா வருஷம் கமிட்டிக்கு மல்லாட்டை கொண்டுவருகிற வீடு. குடை பிடித்துக்கொண்டு எடைமேடை அருகில் நின்று, "ஏ ஆளு, பாத்து எறக்கு," என்பாள். பாஞ்சாலி என்று பெயர்ச்சீட்டில் இருக்கும். அவளுக்கு இவரைத் தெரியவில்லை. மூட்டைக்குக் கீழே இருக்கிற முகத்தை யார் பார்த்து வைத்திருப்பார்கள்.

"அண்ணே," என்றாள். "ரெண்டு பைன்னு சொன்னாங்களே, எங்காதுல உழுந்துச்சு."

அவள் மகள் ஆர்த்திக்கு நிறைமாதத்தில் டெங்கு. நேற்றுக் குழந்தை பிறந்துவிட்டது. ரத்தப் போக்கு நிற்கவில்லை. மருமகன் ஆள் தேடிப் பாண்டிச்சேரிக்கு ஓடியிருக்கிறான். சொந்தக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. ஆர்த்தி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து மகன் திருமுருகன் அவள் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுவான். அவனுக்கும் பி பாசிட்டிவ்தான். போன் போட்டால் எடுக்கவில்லை. இதையெல்லாம் பாஞ்சாலி ஒரே மூச்சில் சொன்னாள். சீனுவாசனிடம் கேட்டாளாம். அது அந்தப் பெண் பேருக்கு எடுத்தது, நானாகக் கொடுக்க முடியாது, அவர்கள் சம்மதித்தால் டாக்டரிடம் பேசுகிறேன் என்றாராம்.

"எம் பொண்ணுக்கே பத்தலம்மா," என்றார் மாசிலாமணி. பெரிய குரலில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்து வார்டுக்குப் போய்விட்டார்.

முதல் பையை ஏற்றினார்கள். அரை மணிகூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. சங்கவி தூங்கினாள். வெளுத்த உதட்டோரம் காய்ந்த ரத்தம் கறுப்பாக ஒட்டியிருந்தது. வேணி ஈரத்துணியால் அதை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். மாசிலாமணி இரண்டாவது பையைப் பற்றிச் சொன்னார். பிறகு அந்த அம்மாளைப் பற்றியும் சொன்னார்.

வேணி துணியை நிறுத்தவில்லை. "குடுக்காத," என்றாள். "நீ குடுத்துருவ. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நாளன்னிக்கு எம் பொண்ணு மூக்குல வந்தா அந்தம்மா வந்து புடிச்சிக்குமா? அவங்களுக்கு நெலம் இருக்குது, சனம் இருக்குது. நமக்கு யாரு இருக்கறா? இன்னிக்கு நாலு பேரு வந்து நாலு பேரும் ஆவலன்னு சொன்னியே. இனிமே யார்கிட்ட போய் நிப்ப? உனுக்குக் கேக்கவும் வாயி இல்லயே."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. மாசிலாமணி டம்ளரை எடுத்துக்கொண்டு டீ வாங்கக் கீழே இறங்கினார்.

பிரசவ வார்டுக் கட்டடத்துக்குப் பக்கவாட்டில் ஒரு குழாயடி உண்டு. பாஞ்சாலி அங்கே குந்தி உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தாள். மழைத் தூறல் தலையில் விழுந்துகொண்டிருந்தது. குடை இல்லை. ஒரு சேலையை விரித்துக் குழாயில் காட்டினாள். தண்ணீர் சிவப்பாக ஓடி, சிமெண்டுத் தரையில் பரவி, சாக்கடைக்குள் விழுந்தது. பிழிந்தாள். மறுபடி காட்டினாள். மறுபடியும் சிவப்பாகவே ஓடியது. அதற்குள் மாடியிலிருந்து யாரோ ஒரு ஆயா இன்னொரு துணியைச் சுருட்டிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனாள். பாஞ்சாலி அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அதையும் எடுத்துக் குழாயடியில் விரித்தாள்.

மாசிலாமணி டம்ளரோடு ரொம்ப நேரம் நின்றார். அவளிடம் போகவில்லை. ரத்த வங்கிக்குப் போய் சீனுவாசனிடம், "அந்தம்மாவுக்குக் குடுத்துருங்க சார்," என்றார். சீனுவாசன் அவரை உட்காரச் சொன்னார். நாளை மறுநாளைக்கு இவர் ஆளைக் கூட்டிவந்தே ஆக வேண்டும், அந்தோணிசாமி இரண்டு பை கொடுத்திருப்பதால் உடனே அவரிடம் எடுக்க முடியாது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்தால் கொடுக்க மாட்டேன் சார், இப்பவே எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் மாசிலாமணி.

ஆர்த்திக்கு அன்றைக்கே ரத்தப் போக்கு மட்டுப்பட்டது. ஊசியும் மருந்தும் பையும் எல்லாமாகச் சேர்ந்து நிறுத்தின என்று நர்ஸ் சொல்லக் கேட்டார். வேணிக்கும் சேதி எட்டிவிட்டது. சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ அவர் வாங்கி வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஜன்னலில் வைத்துவிட்டு, மகளின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வேணி சொன்னபடியே ஆயிற்று. மூன்றாம் நாள் காலையில் சங்கவி பல் விளக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். மூக்கிலிருந்து குழாய் திறந்த மாதிரி கொட்டியது. பஞ்சை வைத்து அடைத்தார்கள். பஞ்சு நனைந்தது. கவுண்ட் ஆறாயிரம் என்றார்கள். டாக்டரம்மா மாசிலாமணியைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்குள் இன்னொரு பை வந்தாக வேண்டும் என்றார்.

துரைக்கண்ணுவுக்குப் போன் போட்டார். "ஒரு நாளு போடாம இருந்தேன்ணா. நேத்து ரெண்டு லாரி லோடு. முடியல, போட்டுக்கினேன்," என்றான். பிறகு அழுதான். மாசிலாமணி அவனைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனை வைத்தார்.

அதன் பிறகு அவர் செய்தது அவர் ஆயுசில் செய்யாதது. ரோட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் கேட்டார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களிடம் கேட்டார். காலேஜ் பையன்கள் இருவரை மறித்துக் கேட்டார். ஒருவன் ஏ, ஒருவன் ஓ. பஞ்சர் கடையில் நின்ற லாரியின் ஏணி மாதிரி இருந்த படியில் ஏறி நின்று டிரைவரிடம் கேட்டார். தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு கட்டத்தில் பி பாசிட்டிவ், பி பாசிட்டிவ் என்று மட்டும்தான் வாயில் வந்தது. வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கின ஒரு அம்மாள் அவர் சொன்னதைக் காதில் வாங்காமலே பர்ஸைத் திறந்து பத்து ரூபாய்த் தாளை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். மாசிலாமணி அந்தத் தாளைப் பார்த்தபடி நின்றார். அவளைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கவும் தோன்றவில்லை. அவருக்கு அழுகை வந்தது. மழை பெய்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது ரத்த வங்கி வாசலில் பாஞ்சாலி இல்லை. குழந்தையைப் பாண்டிச்சேரியிலிருந்து திரும்பிவிட்ட மருமகனிடம் கொடுத்துவிட்டு, கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சீனுவாசன் சொன்னார். சங்கவிக்கு மூக்கில் கொட்டுகிறது என்று கேள்விப்பட்டதும் உடனே கிளம்பினாளாம்.

அவள் ஊரில் என்ன நடந்தது என்பது மாசிலாமணிக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. திருமுருகன் கழனியில் நடவு ஆட்களோடு நின்றிருந்தான். பாஞ்சாலி வரப்பில் நின்றபடியே சொன்னாளாம்: உன் தங்கச்சிக்காக உன்னைக் கேட்க வரவில்லை, அவள் பிழைத்துக்கொண்டாள். கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர் ஒருத்தர் தன் பெண்ணுக்கு வைத்திருந்ததைக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். இப்போது அவர் பெண் சாகக் கிடக்கிறாள். அண்ணன்காரன் இருந்தும் யாரோ கொடுத்தார்கள் என்று ஊர் சொல்லட்டும், எனக்கென்ன. நடவு ஆட்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்களாம். அவன் கையிலிருந்த நாற்றுக் கட்டை அப்படியே சேற்றில் போட்டுவிட்டு வண்டியை எடுத்திருக்கிறான்.

அவன் வந்து சேர்ந்தபோது முழங்கால்வரை சேறு அப்பியிருந்தது. முப்பது வயசு இருக்கும். வாசலில் நின்று, "யாரு இங்க மாசிலாமணி?" என்றான்.

மாசிலாமணி எழுந்தார்.

"எங்க வூட்டுக்கு நீ குடுத்தன்னு ஒரு பேச்சு இருக்கக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன். வேற ஒண்ணுமில்ல. எங்க படுக்கணும்?"

"வாங்க," என்றார் மாசிலாமணி.

கேள்விகள் கேட்டார்கள், டியூபில் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்க வேண்டுமே என்று மாசிலாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்து சீனுவாசன் சரியென்று தலையை ஆட்டினார்.

இந்தத் தடவை மாசிலாமணியை உள்ளே விட்டார்கள். திருமுருகன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். கையில் கொடுத்த ரப்பர் பந்தை, பிழிந்து எறிய வேண்டிய ஏதோ ஒன்று மாதிரி அழுத்திக்கொண்டிருந்தான். பாஞ்சாலி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மகனும் அவளைப் பார்க்கவில்லை, அவளும் உள்ளே வரவில்லை. பாதி ஆனபோது அவன் சட்டென்று பந்தை விட்டான்.

"ஒதடெல்லாம் மரமரன்னு வருது. வெரலுங்கூட. என்னா பண்றானுங்க?" என்றான். குரலில் இருந்த அதிகாரம் போய்விட்டிருந்தது.

மாசிலாமணி ஓடிப்போய் சீனுவாசனைக் கூட்டிவந்தார். ரத்தம் மிஷினில் உறையாமல் இருக்கச் சேர்க்கிற மருந்து உடம்புக்குள் போவதால் அப்படி இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, கடித்துச் சாப்பிடக் கால்சியம் மாத்திரை கொடுத்து, மிஷினைக் கொஞ்சம் மெதுவாக்கினார். குளிருகிறது என்றான் திருமுருகன். திரும்பி வருகிற ரத்தம் ஆறிப்போய் வருவதால் என்றார். மாசிலாமணி தோளில் இருந்த துண்டை எடுத்து அவன் மேல் போர்த்தினார். மல்லாட்டைத் தூசும் வியர்வையும் ஊறின துண்டு. திருமுருகன் அதைப் பார்த்தான். எடுத்துப் போடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அதுக்கு என்னா கொழந்த?"

"பொண்ணுதாங்க."

"ம்."

மஞ்சள் பை நிறைந்துகொண்டு வந்தது.

பை வார்டுக்கு வந்தது. சொட்டுச் சொட்டாக இறங்குவதை மாசிலாமணியும் வேணியும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள். சாயங்காலம் நர்ஸ் வந்து மூக்கிலிருந்த பஞ்சை மெல்ல உருவினாள். நுனியில் மட்டும் சிவப்பு இருந்தது. புதிதாக வரவில்லை. சங்கவி வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள் மூக்கால் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். தண்ணீர் வேண்டும் என்றாள். இது இரண்டு நாள் தாங்கினால் அதிகம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். மாத்திரை வேலை செய்வதற்கான அறிகுறி இன்னும் ஒன்றும் தெரியவில்லையாம். பார்க்கலாம் என்றார்.

வேணி மகளுக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்தப் பொண்ணு எழுந்து உக்காந்துச்சாமா?" என்று கேட்டாள். இரண்டு நாளைக்கப்புறம் அவரிடம் பேசுகிற முதல் பேச்சு.

"தெரியல. பாத்துட்டு வர்றேன்," என்றார் மாசிலாமணி.

மழை விட்டிருந்தது. பிரசவ வார்டுக் கட்டடத்தின் மாடிப்படியில் திருமுருகன் உட்கார்ந்திருந்தான். வண்டி வாசலில் நின்றது. கிளம்பிப் போய் வெகுநேரமாகியிருக்கும் என்று மாசிலாமணி நினைத்திருந்தார். முழங்கை மடிப்பில் ஒட்டின பஞ்சு அப்படியே இருந்தது. கீழே குடித்து முடித்த மாம்பழ ஜூஸ் டப்பா. மாசிலாமணியின் துண்டு அவன் தோளிலேயே கிடந்தது.

"ரெண்டாவது மாடிங்க. எடதுகைப் பக்கம்," என்றார் மாசிலாமணி.

"தெரியும். அம்மா சொல்லிச்சு."

அவன் எழுந்திருக்கவில்லை. மாசிலாமணி அதே படியில் ஓரமாக உட்கார்ந்தார். நாளை மறுநாளைக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும். போனை எடுத்து, கமிட்டியில் எடை போடுகிறவருக்குப் போட்டார். எடுக்கவில்லை. குட்டியானைக்காரனுக்குப் போட்டார். பி பாசிட்டிவ் யாருனா இருக்கறாங்களாப்பா, மாத்திர கீத்திர போடாத ஆளா இருக்கணும் என்று, கட்டிப் போன தொண்டையோடு கேட்டார். அவன் விசாரித்துச் சொல்கிறேன் என்றான். வைத்துவிட்டு அடுத்து யாருக்குப் போடுவது என்று திரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இப்டித்தான் தெனமுமா?" என்றான் திருமுருகன்.

"ரெண்டு நாளைக்கு ஒரு வாட்டிங்க."

திருமுருகன் கொஞ்ச நேரம் கால் சேற்றை நகத்தால் சுரண்டினான். பிறகு தன் போனை எடுத்தான். "எங்க ஊர்ல டிராக்டர் ஓட்டறவன் ஒருத்தன் இருக்கறான். குடிக்க மாட்டான். என்னா குரூப்புன்னு கேக்கறேன்," என்று எண்ணை அழுத்திக் காதில் வைத்தான். மணி போனது. அந்தப் பக்கம் எடுத்து அலோ என்றார்கள்.

மேலே ஏதோ ஒரு குழந்தை அழுதது. வார்டில் எத்தனையோ குழந்தைகள். எதுவென்று தெரியாது. திருமுருகன் போனைக் காதில் வைத்தபடியே வாயைத் திறந்து, பேசாமல், படிகள் திரும்புகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் அந்த ஆள், "அலோ, அலோ, யாருப்பா, பேசு," என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.